சுரண்டிட்டுப் போடுங்கன்னுதான் சொன்னேன்

எங்க தெருவுல பழைய ரோட்டை சுரண்டாம அது மேலயே புது ரோடு போட்டதைத் திட்டி நேத்து ராத்திரி நான் போட்ட போட்டோவுக்குக் கீழ வந்த கமெண்ட்டெல்லாம் படிச்சிட்டுத் தூக்கமே வரல. "ரோடு போடலன்னாலும் திட்டுவீங்க, போட்டாலும் திட்டுவீங்க"ன்னு ஒம்போது பேரு எழுதியிருக்கீங்க, ஒம்போதும் ஒரே வரி, காப்பி பேஸ்ட்டான்னு கூட சந்தேகம் வந்துச்சு. எங்க தெரு வாட்ஸப் குரூப்புல அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போட்டு அதுக்குக் கட்டைவிரல் வேற. ரொம்ப சந்தோஷம்.

நான் ரோடு வேணாம்னு எங்கயும் சொல்லல. பழைய ரோட்டை சுரண்டி எடுத்துட்டு அதே உயரத்துக்குப் புது ரோடு போடுங்கன்னு சொன்னேன். மில்லிங் மில்லிங்னு சொல்றாங்கல்ல, அது. இதுல வளர்ச்சிக்கு எதிரா என்ன இருக்குன்னு யாராவது எனக்குப் புரியவச்சா நல்லா இருக்கும்.

கணக்கு ரொம்ப சிம்பிள். உள் தெருவுல ஒரு தடவ தார்க்கலவை போட்டா சுமாரா 40 மில்லிமீட்டர், அதாவது ஒன்றரை இஞ்ச். நாலு தடவ சுரண்டாம மேல மேல போட்டா அரை அடி. எங்க அப்பா இந்த வீட்டைக் கட்டினது 1992ல. அப்ப இது மண் ரோடு. ரோட்டுலேர்ந்து மூணு படி ஏறித்தான் வாசப்படிக்கு வரணும், "ஒசத்திதான் கட்டிருக்கேன், எவ்ளோ மழ வந்தாலும் கவல இல்ல"ன்னு வர்றவங்க போறவங்ககிட்டல்லாம் அந்த மூணு படியைக் காட்டுவாரு. அப்புறம் ஜல்லி போட்டாங்க, ஒரு படி போச்சு. தார் போட்டாங்க, அதுக்கு மேல தார் போட்டாங்க, ரெண்டாவது போச்சு. 2015 டிசம்பர்ல மூணாவது படிக்கு மேல தண்ணி வந்து முழங்கால் வரைக்கும் நின்னுச்சு, சரி சென்னையே முழுகிச்சு, அதை விடுங்க. ஆனா 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தப்ப, ஃபிரிட்ஜை ரெண்டு ஸ்டூலு மேல ஏத்தி வச்சிட்டு நானும் அம்மாவும் கட்டில்ல உக்காந்திருந்தோம், அப்ப ரோட்டுல தண்ணி வடிஞ்சிடுச்சு, பசங்க பைக் ஓட்டிட்டுப் போறானுங்க, எங்க ஹால்ல மட்டும் நிக்குது. ஏன்னா ரோடு மேல இருக்கு, நாங்க கீழ இருக்கோம். இப்ப எங்க வீட்டுக்கு வரணும்னா படி ஏற வேண்டாம், ஒரு படி எறங்கணும்.

கேட்டு கதை தனி. வெளிப்பக்கமா தொறக்கற கேட்டு எங்களது. ஒவ்வொரு தடவ ரோடு போட்டப்புறமும் கேட்டு தார்ல தட்டி பாதியில நின்னுடும். வெல்டரைக் கூப்பிட்டு அடியில ரெண்டு இஞ்ச் வெட்டுவோம். ரெண்டு தடவ வெட்டியாச்சு. பாக்கறதுக்கு அரை டிராயர் போட்ட மாதிரி இருக்கு, மூடினா உள்பக்கம் பள்ளத்துல பெரிய சந்து, ராத்திரியானா தெரு நாய் அது வழியா உள்ள வந்து அம்மாவோட செருப்பு மேலயே படுத்துக்குது.

முந்தாநாள் ராத்திரி பதினோரு மணிக்கு வேலை ஆரம்பிச்சாங்க. நான் நைட்டி மேல துப்பட்டாவப் போட்டுட்டு வெளிய போயி, அங்க நின்ன சூப்பர்வைசர் தம்பிகிட்ட மரியாதையாத்தான் கேட்டேன், "சுரண்டலயா தம்பி?" "உள் ரோடுக்கா, மெஷின் உள்ள வராதுக்கா"ன்னாரு. போன மாசம் இதே தெருவுக்குள்ள போர் போடற லாரி வந்துச்சு. மூலை அபார்ட்மெண்டுக்கு ரெடிமிக்ஸ் லாரி வந்து, நாங்க ஒருத்தரும் வண்டி எடுக்க முடியாம அரை நாள் நின்னோம். அதெல்லாம் உள்ள வருது, சுரண்டற மெஷினுக்கு மட்டும் எங்க தெரு குறுகிடுதாம். கடைசில என்ன பண்ணாங்க தெரியுமா, ஒரு ஆள் கடப்பாரையை எடுத்துட்டு வந்து ரெண்டு எடத்துல டங்கு டங்குன்னு கொத்தினாரு, இன்னொருத்தர் அதை போன்ல போட்டோ எடுத்தாரு. அப்புறம் பழைய ரோட்டு மேலயே தாரைத் தெளிச்சிட்டு கொட்ட ஆரம்பிச்சிட்டாங்க. அந்த ரெண்டு கொத்து எதுக்குன்னு உங்களுக்கே புரியும்.

அதோட ரெண்டு மேன்ஹோல் மூடியும் தாருக்கு அடியில போயிடுச்சு. இனிமே ட்ரெய்னேஜ் அடைச்சுதுன்னா ஆள் வந்து ரோட்டைத் தட்டித் தட்டி மூடியைத் தேடணும், புது ரோட்டை ஒடைக்கணும், அப்புறம் மூடியை மட்டும் செங்கல் வச்சு ஒசத்துவாங்க, அதுல ராத்திரி டூவீலர்காரன் மோதுவான். எல்லாம் பாத்தாச்சு. 2022ல வேலூர்ல நிக்கற பைக்கை எடுக்காம சக்கரத்தோட சேத்து சிமெண்ட் ரோடு போட்டாங்களே, அன்னிக்கு எல்லாரும் மீம் போட்டு சிரிச்சீங்க. எங்க மூடி பொதைஞ்சா மட்டும் வளர்ச்சி.

இதுல நான் புதுசா ஒண்ணும் கேக்கல. 2021 மே மாசம், அப்ப தலைமைச் செயலாளரா இருந்த இறையன்பு சார் இதைத்தான் உத்தரவாவே போட்டாரு, மேல்தளத்தை சுரண்டி எடுத்துட்டுதான் புதுசா போடணும், ரோட்டு மட்டம் ஏறக்கூடாதுன்னு. பேப்பர்லல்லாம் வந்துச்சு. நான் அதைக் கட் பண்ணி வச்சிருக்கேன். எங்க வார்டு ஏரியா சபைக் கூட்டத்துக்கு அந்தக் கட்டிங்கை எடுத்துட்டுப் போனேன், மொத்தமே பன்னெண்டு பேரு, அதுல நாலு பேரு டீ குடுக்க வந்தவங்க. காட்டினேன். "நோட் பண்ணிக்கிட்டோம் மேடம்"னாங்க. நோட் பண்ணித்தான் இருக்காங்க போல.

உடனே ஒருத்தர் வந்து "போன ஆட்சியில கேட்டீங்களா?"ன்னு கேப்பாரு. கேட்டேன் சார். போன ஆட்சியிலயும் கேட்டேன், அதுக்கு முன்னாடி இருந்த ஆட்சியில அப்பா கேட்டாரு. தாருக்குக் கட்சி கெடையாது. சுரண்டினா செலவு ஜாஸ்தியாகும்னு இன்னொருத்தர். சுரண்டி எடுத்த தார் ஜல்லி குப்பை இல்லங்க, அதைப் புதுக் கலவையோட சேத்து மறுபடியும் ரோடுக்கே போடலாம், நிறைய எடத்துல போடறாங்க. சரி, செலவுன்னே வச்சிக்கோங்க, என் சோபா, என் கட்டில், ரெண்டு தடவ மாத்தின என் மோட்டார், அதெல்லாம் யார் செலவு?

"உங்க வீட்டு சாய்தளம் ரோட்டுல நீட்டிட்டு இருக்கே, அது ஆக்கிரமிப்பு இல்லயா"ன்னு ஒரு தம்பி கேட்டிருக்காரு. ஆமா, ஒண்ணரை அடி நீட்டிட்டு இருந்துச்சு. எல்லா வீட்டுலயும்தான் இருக்கு. அந்தத் தம்பி வீட்டுல மூணு அடி. இப்ப அதுவும் தாருக்கு அடியில போயிடுச்சு, அந்தப் பிரச்சனையை காண்ட்ராக்டரே தீத்துட்டாரு, விட்டுடுங்க.

நல்லா செய்யத் தெரியாமலும் இல்ல. 2019ல தி.நகர் பாண்டி பஜார்ல ஸ்மார்ட் சிட்டி திட்டத்துல நடைபாதையை அகலமாக்கித் தொறந்தப்ப நானும் அம்மாவும் போனோம். அம்மா அங்க பெஞ்சுல உக்காந்துட்டு "இவ்ளோ சமமா போட்டிருக்காங்கடி"ன்னு காலால தடவித் தடவிப் பாத்தாங்க. அந்த போட்டோவ நானே இங்க போட்டிருந்தேன், பாராட்டித்தான் எழுதினேன், வேணும்னா பழைய பதிவைத் தேடிப் பாருங்க. நகை வாங்க வர்றவங்க நடக்கற எடத்துல மட்டம் பாக்கத் தெரியுது, எங்க தெருவுல மட்டும் ரசமட்டம் தொலைஞ்சிடுது.

இதெல்லாம் கூட பரவால்ல. எனக்கு நிஜமா வலிச்சது எதுத்த வீட்டு சார் குரூப்புல போட்டது. "எல்லாரும் வீட்டை ஒசத்திக்கிட்டோம், அவங்களும் ஒசத்திக்க வேண்டியதுதான, ரோட்டைக் கொறை சொல்லிட்டு." அவரு பழைய வீட்டை இடிச்சிட்டு நாலு அடி ஒசத்திக் கட்டிட்டாரு. அடுத்த வீட்டுல வடநாட்டு டீம் வந்து ஜாக்கி வச்சு அப்படியே வீட்டையே தூக்கினாங்க, சதுர அடிக் கணக்கு. நானும் விசாரிச்சேன். அவங்க சொன்ன தொகைய இங்க எழுத மாட்டேன், அம்மா இந்தப் பதிவைப் படிப்பாங்க. அவங்க ரெண்டு பேரும் ஒசந்தப்புறம் அவங்க வாசத் தண்ணியும் சேந்து எங்க வாசலுக்குத்தான் வருது. சார், உங்க பொண்ணு கல்யாணத்துக்கு எங்க வீட்டுத் திண்ணையிலதான் சமையல்காரங்க காய் நறுக்கினாங்க. அப்ப அந்தத் திண்ணை உங்க ரோட்டை விட ஒசரமா இருந்துச்சு.

அப்பா தவறி ஆறு வருஷம் ஆகுது. அவரு இருந்திருந்தா முந்தாநாள் ராத்திரி அந்தத் தம்பிக்கு டீ வாங்கிக் குடுத்து, உக்காத்தி வச்சு, தண்ணி எந்தப் பக்கம் ஓடணும்னு சொல்லிக் குடுத்திருப்பாரு. எனக்கு அந்தப் பொறுமை இல்ல, கத்திட்டேன், வீடியோ எடுத்துட்டாங்க. அதைத்தான் நீங்க எல்லாரும் பாத்தீங்க.

காலையில அம்மா கோலப்பொடி டப்பாவை எடுத்துட்டு வாசலுக்குப் போனாங்க. அவங்களுக்கு எழுவத்தி ரெண்டு. ஒரு கையால கேட்டைப் புடிச்சிட்டு, முட்டியை அமுக்கிட்டு, புது ரோட்டு மேல ஏறி நின்னாங்க. வாசத் தெளிக்கத் தண்ணி ஊத்தினாங்க, ஊத்தின தண்ணி அப்படியே திரும்பி வீட்டுக்குள்ள வந்துச்சு. ஒண்ணும் சொல்லல, மாப்பு எடுத்துட்டு வான்னாங்க.

கேட்டு மறுபடியும் தட்டுது. எங்க பழைய வெல்டர் ஊருக்குப் போயிட்டாராம். பல்லாவரம், குரோம்பேட்டை பக்கம் யாருக்காவது நல்ல வெல்டர் தெரிஞ்சா நம்பர் இன்பாக்ஸ்ல அனுப்புங்க. மூணு இஞ்ச் வெட்டணும்.