சுதா சந்திரனின் கண்கள்

பரதக் கலைஞரும் நடிகையுமான சுதா சந்திரனைப் பற்றிய அந்தப் பதிவு மறுபடியும் சுற்றத் தொடங்கியிருக்கிறது. நேற்று மட்டும் மூன்று வாட்ஸ்அப் குழுக்களில் பார்த்தேன். விபத்தில் காலை இழந்தார், செயற்கைக் காலோடு மீண்டும் ஆடினார், நீங்களும் மனம் தளராதீர்கள். அவ்வளவுதான். கதை 1984-லேயே முடிந்துவிடுகிறது. அதற்கப்புறம் ஏறக்குறைய நாற்பது வருடமாக அந்தப் பெண்மணி உழைத்துக்கொண்டே இருக்கிறார் என்பது யாருக்கும் கண்ணில் படவில்லை. ரொம்ப நாளாக மனதை உறுத்துகிற விஷயம் இது. இன்று எழுதிவிடுகிறேன்.

முதலில் அந்தக் கால் விஷயத்தையே சரியாகச் சொல்லலாம். மும்பையில் வளர்ந்த தமிழ்க் குடும்பத்துப் பெண். 1981 மே மாதம் திருச்சிப் பக்கம் பேருந்து விபத்து. கணுக்காலில் பட்ட காயத்தைச் சரியாகப் பார்க்காமல் மேலே மாவுக்கட்டுப் போட்டுவிட்டார்கள். கட்டுக்குள்ளேயே அழுகத் தொடங்கி, முழங்காலுக்குக் கீழே வலது காலை எடுக்கும்படி ஆகிவிட்டது. விபத்தோடு போன கால் இல்லை அது. ஒழுங்காகக் கவனித்திருந்தால் இருந்திருக்கும். சுற்றிவரும் பதிவுகள் இந்த இடத்தை ஒரே தாவாகத் தாண்டிவிடும்.

அப்புறம் ‘ஜெய்ப்பூர் கால்’ என்ற செயற்கைக் கால். டாக்டர் பி.கே. சேத்தியும் ராம்சந்திர சர்மா என்ற கைவினைஞரும் சேர்ந்து உருவாக்கியது. அதுவரை இருந்த மேல்நாட்டுச் செயற்கைப் பாதங்கள் ஷூவுக்குள் வைத்து நடப்பதற்கானவை. நம் ஊரில் வெறுங்காலோடு நடக்க வேண்டும், சம்மணமிட்டு உட்கார வேண்டும், குந்த வேண்டும். அதற்கெல்லாம் வளைந்து கொடுக்கிற மாதிரி ரப்பரில் செய்தார்கள். சேத்திக்கு 1981-இல் மகசேசே விருது கிடைத்தது. அந்தச் செய்தியைப் படித்துத்தான் சுதா அவரைத் தேடிப் போனார்.

நான் ஆறு வருடம் பரதம் கற்றவள். அதனால் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். முதல் பாடம் தட்டடவு. அரைமண்டியில், அதாவது முழங்கால்களைப் பக்கவாட்டில் மடித்துப் பாதி உட்கார்ந்த நிலையில், பாதம் முழுவதும் தரையில் பதிகிற மாதிரித் தட்ட வேண்டும். தட்டு சரியாக விழுந்ததா என்று காது சொல்வதற்கு முன்னால் உள்ளங்கால் சொல்லிவிடும். தரையின் குளிர்ச்சி, அந்தச் சுரீர் என்ற எரிச்சல், எல்லாம் சேர்ந்துதான் தாளம். ‘குதித்து மெட்டு’ என்ற அடவில் முன்பாதத்தில் குதித்து எழும்பிக் குதிகாலை ஊன்ற வேண்டும். ஒரு தடவை எனக்குக் கணுக்கால் சுளுக்கி மூன்று வாரம் வகுப்புக்குப் போகவில்லை. திரும்பி வந்தபோது வலி இல்லை, ஆனாலும் அந்தக் காலை நம்பி எடையைப் போட முடியவில்லை. உடம்பு தானாகவே மற்றக் காலுக்குச் சாய்ந்தது. வெறும் சுளுக்குக்கே இந்தக் கதி. அவருக்கோ உள்ளங்காலே இல்லை. தட்டு விழுந்ததா என்பதை முழங்காலுக்குக் கீழே மிஞ்சியிருக்கும் தசையில் ஏறும் அதிர்விலிருந்துதான் கண்டுபிடிக்க வேண்டும். பயிற்சியில் அந்த இடம் உராய்ந்து ரத்தம் கசிந்ததை அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். இதை ‘தன்னம்பிக்கை’ என்று ஒரே வார்த்தையில் மூட்டை கட்டிவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. அது தொழில்நுட்பம். ஒரு கலைஞர் தன் கலையின் அடிப்படைப் பாடத்தையே வேறு உடம்போடு முதலிலிருந்து கற்றுக்கொண்டது.

1984 ஜனவரி 28 அன்று மும்பையில் மறுபடி மேடை ஏறினார். அவர் வாழ்க்கையையே சிங்கீதம் சீனிவாசராவ் ‘மயூரி’ என்று தெலுங்கில் படமாக்க, அதில் அவரே நடித்து தேசிய விருதுகளில் நடுவர் குழுவின் சிறப்பு விருதும் வாங்கினார். 1986-இல் இந்தியிலும் எடுத்தார்கள். தமிழில் ‘சின்னத்தம்பி பெரியதம்பி’ உட்படச் சில படங்கள். ஆனால் சினிமா அவருக்குப் பெரிய இடம் எதுவும் கொடுத்துவிடவில்லை. சொந்தக் கதையில் நடித்தவருக்கு அடுத்து என்ன கதை எழுதுவது என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

அந்த இடத்தைக் கொடுத்தது தொலைக்காட்சி. 2001-இல் ஸ்டார் பிளஸில் தொடங்கிய ‘கஹீன் கிசி ரோஸ்’ தொடரில் ரமோலா சிகந்த் என்ற மாமியார். நெற்றியை அடைத்துக்கொண்டு அவர் வைத்த பொட்டுகளே வடக்கே பெரிய பேச்சானது. 2015-இல் ‘நாகின்’ தொடர். இங்கே விஜய் டிவியில் ‘தெய்வம் தந்த வீடு’ சித்ராதேவி.

சீரியல் வில்லத்தனம் என்றால் பலருக்கு இளக்காரம். நான் அப்படிப் பார்க்கவில்லை. பரதத்தில் பார்வை எட்டு வகை. அதில் ஒன்று சாசி. தலை திரும்பாமல் கருவிழி மட்டும் கடைக்கண்ணுக்குப் போகும். சித்ராதேவி வரும் காட்சிகளைச் சத்தத்தை நிறுத்திவிட்டுப் பாருங்கள். மருமகள் பின்னால் வந்து நிற்பாள், இவர் கழுத்து அசையாது. விழி மட்டும் ஓரத்துக்குப் போய், ஒரு கணம் நின்று, திரும்பி வரும். புருவம் அதற்கப்புறம்தான் ஏறும். கேமரா மூன்று தடவை முகத்துக்கு அருகே பாய்ந்தாலும் கண்ணில் அந்தப் பாவனை கலையாது. காலைப் பற்றியே எல்லோரும் பேசிக்கொண்டிருந்தபோது, அவர் தன் நடனத்தை முகத்துக்குக் கொண்டுபோய்விட்டார்.

2021 அக்டோபரில் அவர் வெளியிட்ட வீடியோ நினைவிருக்கும். வேலைக்காக விமானம் ஏறும் ஒவ்வொரு முறையும் பாதுகாப்புச் சோதனையில் செயற்கைக் காலைக் கழற்றச் சொல்கிறார்கள், இதற்கு ஓர் அட்டை கொடுங்கள் என்று பிரதமரைக் கேட்டிருந்தார். மத்திய தொழிற்பாதுகாப்புப் படை மன்னிப்புக் கேட்டது. வெடிபொருள் தடயக் கருவியால் சோதித்தால் போதுமே என்று அவரே வழியும் சொல்லியிருந்தார். கழற்றி மாட்டுவது செருப்பு மாதிரி இல்லை. உறை, பிடிப்பு எல்லாம் சரியாக உட்கார வேண்டும், அதற்கு மறைவான இடம் வேண்டும். அவருக்குக் கேமரா இருந்தது, பேசினார். அதே வரிசையில் நிற்கும் மற்றவர்களுக்கு அந்த அட்டை வேண்டாமா?

என் அம்மா ‘தெய்வம் தந்த வீடு’ ஒரு நாள் விடாமல் பார்த்தவர். “இவளுக்கு என்ன திமிர் பாரு” என்று சித்ராதேவியைத் திட்டாத நாள் கிடையாது. ஒரு நாள் இந்தக் கால் விஷயத்தைச் சொன்னேன். அம்மா நம்பவே இல்லை. அன்று முழுக்க வாயைத் திறக்காமல் பார்த்தார். சித்ராதேவி மாடிப்படி இறங்கி வரும்போது அம்மாவின் கண் புடவை ஓரத்திலேயே இருந்தது. மறுநாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தேன். அம்மா டிவியைப் பார்த்து, “அந்த முழியைப் பாரேன், அந்தப் பொண்ணை என்ன பாடு படுத்துறா” என்று திட்டிக்கொண்டிருந்தார்.