ஒரு ‘சாப்பிட்டாச்சா?’ அனுப்ப மூன்று நாள்

அலுவலகக் கணினியில் பிட்ஜின் என்கிற அரட்டை மென்பொருளைப் போட்டு மூன்று நாளாகிறது, ஒரு ‘சாப்பிட்டாச்சா?’கூட வெளியே போகவில்லை. பிரவுசர் மட்டும் ஜோராக ஓடுகிறது. அலுவலக இணையத்துக்கு வாசல்காவலனாக நிற்கும் ப்ராக்ஸி சர்வரின் முகவரி, போர்ட் (இணைப்பு வாசல் எண்) 3128, கடவுச்சொல் எல்லாம் பிட்ஜினில் கொடுத்தேன். முதலில் 407 என்றது, அதாவது ‘நீ யார் என்று நிரூபி’. கடவுச்சொல்லில் ஓர் எழுத்து பிசகு, சரி, அது என் தப்பு. திருத்தினால் 403, ‘அனுமதி இல்லை’! என் அரட்டை ஓடும் நெறிமுறையான எக்ஸ்எம்பிபிக்கு வேண்டியது போர்ட் 5222. எங்கள் ப்ராக்ஸியோ வெளி சர்வருக்கு வழி கேட்கும் கனெக்ட் கோரிக்கையை, பாதுகாப்பான வலைத்தளங்களுக்கான 443-க்கு மட்டும்தான் விடுமாம். சில அரட்டை சர்வர்கள் 443-லும் காது கொடுக்கும். நமக்கு வாய்த்தது கொடுக்காது. சாக்ஸ்5 என்கிற இன்னொரு வகை ப்ராக்ஸி உண்டா என்று சிஸ்டம் அட்மினிடம் கேட்டேன். “எதுக்கு சார் இதெல்லாம், மெயில் அனுப்புங்களேன்” என்றார். அனுப்பினேன், அவருக்கேதான், போர்ட்டைத் திறக்கச் சொல்லி. இன்னும் பதில் இல்லை.