எதிரியைக் காட்டி வாக்குக் கேட்பவர்களுக்குக் கைதட்டும் நம்மவர்களுக்கு

நேற்று முழுவதும் நம்மவர்கள் பகிர்ந்துகொண்டிருந்த அந்த மேடைப் பேச்சை நானும் கேட்டேன். விலைவாசி பற்றியோ பாடசாலைகள் பற்றியோ அதில் ஒரு வார்த்தை இல்லை. முஸ்லிம்கள் பெருகுகிறார்கள், நம்மை விழுங்கிவிடுவார்கள் என்பது மட்டுமே இருந்தது. அதற்குத் தமிழர்களே கைதட்டியிருப்பதைப் பார்த்தபின் பேசாமல் இருக்க முடியவில்லை.

நம்மை எதிரியாகக் காட்டித்தானே இலங்கையின் இரண்டு பெரிய கட்சிகளும் வாக்குச் சேர்த்தன? 1956இல் 'சிங்களம் மட்டும்' ஆட்சிமொழி என்று சொல்லிப் பண்டாரநாயக்க ஆட்சிக்கு வந்தார். அவரே அடுத்த ஆண்டு தமிழர் தலைவர் செல்வநாயகத்துடன் அதிகாரப் பகிர்வு ஒப்பந்தம் செய்தபோது, நாட்டைக் கூறுபோடுகிறார் என்று ஐக்கிய தேசியக் கட்சியின் (ஐ.தே.க.) ஜே.ஆர். ஜயவர்தன கண்டிக்கு யாத்திரை புறப்பட்டார். 1965இல் ஐ.தே.க.வின் டட்லி சேனாநாயக்க செல்வநாயகத்துடன் உடன்பட்டபோது, அதே குற்றச்சாட்டைப் பண்டாரநாயக்கவின் கட்சி கையில் எடுத்தது. எதிர்க்கட்சி வரிசைக்குப் போனதும் மட்டும் இவர்களுக்குத் தமிழர்கள் ஆபத்தானவர்களாகத் தெரிந்தார்கள் என்றால், அந்த ஆபத்து யாருடைய தேவைக்காக உண்டாக்கப்பட்டது?

2019 ஏப்ரலில் இஸ்லாமியத் தீவிரவாதிகள் நடத்திய உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்பு பொய்யா என்று கேட்பீர்கள். பொய்யல்ல. மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் இறந்த பிள்ளைகள் நம் பிள்ளைகள். உளவுத் தகவல் முன்பே கிடைத்தும் தடுக்கத் தவறியதற்காக, அப்போது ஜனாதிபதியாக இருந்த மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாய் நட்டஈடு செலுத்த வேண்டும் என்று 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றமே தீர்ப்பளித்தது. ஆனால் 2019இல் மக்களின் கோபம் கடமை தவறிய அதிகாரிகளை நோக்கித் திருப்பப்படவில்லை. முஸ்லிம் கடைகளை நோக்கியும், சிங்களத் தாய்மாருக்கு இரகசியமாகக் கருத்தடை செய்தார் என்று பழி சுமத்தப்பட்ட குருநாகல் மருத்துவர் ஒருவரை நோக்கியும் திருப்பப்பட்டது. குண்டுவெடித்த சில நாட்களிலேயே தேர்தலில் நிற்பதாக அறிவித்த கோட்டாபய ராஜபக்ச, நவம்பரில் 52 சதவீத வாக்குகளோடு வென்றார். பாதுகாப்பு என்று சொல்லி வந்த அந்த ஆட்சி, கொரோனாவில் இறந்த முஸ்லிம்களின் ஜனாஸாக்களைக் கட்டாயமாக எரித்தது. 2022இல் எரிபொருளும் மருந்தும் வாங்க அதனிடம் டொலர் இருக்கவில்லை.

அந்த 2019 மே மாதம் எங்கள் ஊர்த் துணிக்கடைக்கு அம்மாவுடன் போனேன். என் பள்ளிச் சீருடை முதல் அக்காவின் கூறைச்சேலை வரை எங்களுக்குக் கடனாகத் தந்த முஸ்லிம் பெரியவர் அவர். கடையில் எங்களைத் தவிர ஒருவரும் இல்லை. "நீங்களும் வரமாட்டீங்கள் எண்டு நினைச்சன் தங்கச்சி" என்று அம்மாவிடம் சொன்னார். அவர் கடைக்குப் போகக் கூடாது என்று கைப்பேசிகளில் செய்தி அனுப்பியவர்களில் எங்கள் உறவினர்களும் இருந்தார்கள்.

தமிழர் பட்ட துன்பத்தை நான் சிறிதாக்குகிறேன் என்று சிலர் எழுதுவீர்கள். அந்தத் துன்பத்தை அறிந்ததால்தான் எழுதுகிறேன். 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களைச் சில மணி நேர அவகாசத்தில் துரத்தியபோதும் பாதுகாப்பே காரணமாகச் சொல்லப்பட்டது. துரத்தப்பட்டவர்களின் பிள்ளைகள் புத்தளம் முகாம்களில் வளர்ந்தார்கள். அதற்குப் பிறகும் அந்த மேடைப் பேச்சை உங்கள் சமூக ஊடகப் பக்கத்தில் வைத்திருப்பவர்கள், உங்களுக்குத் தெரிந்த ஒரு முஸ்லிம் குடும்பத்தின் முன்னால் அதை ஓடவிட்டுக் காட்ட முடியுமா என்று எனக்குப் பதில் எழுதுங்கள்.