அந்தப் படிவத்தில் கணவர் கையெழுத்துக்கு இடமே இல்லை

"வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாங்க" என்று மூன்று இடத்தில் திருப்பி அனுப்பிய பிறகுதான் அந்தப் பெண் என்னிடம் வந்தாள். இரண்டு பிள்ளைகள். சின்னதுக்கு இன்னும் ஒரு வயசு நிரம்பவில்லை, பால் குடிக்கிற பிள்ளை. வீட்டுக்காரர் கத்தாரில் இருக்கிறார். லீவில் வந்துவிட்டுப் போனார், அவ்வளவுதான். (அவளிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். ஆள் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

நான் கடலூர் மாவட்டத்தில் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். வேலையை விட்டு வந்து வருஷங்கள் ஆனாலும் குறிஞ்சிப்பாடி பக்கம் நான் இன்னும் நர்ஸம்மாதான். ராத்திரி எட்டு மணிக்குப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றவள், "நர்ஸம்மா, முழுகாம இருக்கேன். மூணாவது வேணாம், என்னால முடியாது" என்றாள். அழவில்லை. அழுது முடித்துவிட்டுத்தான் வந்திருக்கிறாள் என்று முகத்தைப் பார்த்தே தெரிந்தது.

முதல் இடத்துக்கு அவள் போனபோது 7 வாரம். மாத்திரையிலேயே முடிந்திருக்கும். மருத்துவர் மேற்பார்வையில் 9 வாரம் வரை மாத்திரை கொடுக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனால் அங்கே டாக்டரைப் பார்க்கவே விடவில்லை. ரிசப்ஷனில் இருந்த பெண், வீட்டுக்காரர் இல்லை என்றால் மாமியாராவது வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்று சொல்லிவிட்டாள். மாமியாருக்கு விஷயமே தெரியாது, தெரியவும் கூடாது என்பதுதான் இவள் கவலை. இரண்டாவது இடத்தில் டாக்டர், "நாங்க அதெல்லாம் பண்றதில்ல" என்று சொல்லி ஃபைலை மூடிவிட்டார். அப்போ எங்கே போகணும் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. மூன்றாவது இடத்தில் கணவரின் ஆதார் நகலும் கல்யாணம் பதிவு செய்த சான்றிதழும் கேட்டார்கள். இதற்குள் 12 வாரம் நெருங்கிவிட்டது. 12 வாரம் தாண்டினால் செய்வதற்கு அனுமதி இருக்கிற இடங்களே குறைந்துவிடும். வலியும் செலவும் ஆபத்தும் கூடும். அந்த 5 வாரத்தை அவளிடமிருந்து பிடுங்கிக்கொண்டவர்கள் யாரும் அவளைத் திட்டவில்லை, மிரட்டவில்லை. மரியாதையாகத்தான் அனுப்பியிருக்கிறார்கள்.

மறுநாள் காலை பஸ் பிடித்து ஒரு அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போனேன். அங்கே இருந்த டாக்டர் வயதில் என் மகளை விடச் சின்னவர். முதல் வேலையாக என்னை வெளியே உட்காரச் சொன்னார். அவளைத் தனியாக வைத்து, யாராவது கட்டாயப்படுத்தி அனுப்பினார்களா, ஆணா பெண்ணா என்று எங்காவது ஸ்கேனில் பார்த்தீர்களா என்று விசாரித்திருக்கிறார். அதுதான் முறை. பெண் குழந்தை என்று தெரிந்துகொண்டு மாமியார் இழுத்து வரும் மருமகள்களை நானே பார்த்திருக்கிறேன். அதைக் கேட்காமல் விடுகிற டாக்டரும் கடமை தவறியவர்தான்.

அப்புறம் என்னை உள்ளே கூப்பிட்டார். மேசையில் ஒரே ஒரு தாள். சி படிவம் என்பார்கள். பெயர், இன்னாரின் மகள் அல்லது மனைவி, வயது, விலாசம், இந்த இடத்தில் என் கருவைக் கலைக்கச் சம்மதிக்கிறேன், தேதி, கையெழுத்து. கீழே இன்னொரு பகுதி உண்டு. பெண் 18 வயது நிரம்பாதவளாகவோ மனநோய் உள்ளவளாகவோ இருந்தால் மட்டும் பாதுகாவலர் நிரப்ப வேண்டியது. இவள் தன் பெயரை எழுத்துக் கூட்டி எழுதிவிட்டு, பேனாவை எடுக்காமலே, "மேடம், வீட்டுக்காரர் எங்க போடணும்?" என்று கேட்டாள்.

"அவருக்கு இதுல இடம் இல்லம்மா. உன் கையெழுத்து போதும்."

அவள் தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள். அங்கே ஒன்றும் இல்லை. அப்புறம் என்னைப் பார்த்தாள். இதற்காகவா ஒரு மாசத்துக்கு மேல் அலைந்தேன் என்கிற அந்தப் பார்வைதான் என்னை இதை எழுத வைக்கிறது.

மருத்துவ முறைக் கருக்கலைப்புச் சட்டம் 1971-ல் வந்தது. 1972 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. பெண்ணின் சம்மதம் இல்லாமல் கலைக்கக் கூடாது என்று அன்றைக்கே எழுதியாகிவிட்டது. கணவனின் சம்மதம் வேண்டும் என்று அன்றும் இல்லை, இன்றும் இல்லை. 2021-ல் திருத்தினார்கள். 20 வாரம் வரை ஒரு டாக்டரின் கருத்து போதும். பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள், 18 வயதுக்குள் இருப்பவர்கள், கர்ப்பமாக இருக்கும்போதே விதவையானவர்கள், விவாகரத்தானவர்கள், மாற்றுத்திறனாளிகள் என்று சிலருக்கு மட்டும் இரண்டு டாக்டர்களின் கருத்தோடு 24 வாரம் வரை. சிசுவுக்குப் பெரிய குறைபாடு என்றால் அதற்கு மேலும் மருத்துவ வாரியம் முடிவு செய்யலாம், 3 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். உயிர் காப்பாற்ற உடனே செய்தாக வேண்டும் என்றால் வாரக் கணக்கே கிடையாது. "திருமணமான பெண், அவள் கணவர்" என்று இருந்த இடத்தில் "பெண், அவள் துணைவர்" என்று மாற்றினார்கள். 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி சந்திரசூட் அமர்வு, கல்யாணம் ஆகாத பெண்ணுக்கும் 24 வாரம் வரை அதே உரிமை என்று சொன்னது. குடும்பத்தின் சம்மதம், ஆவணம், கோர்ட் உத்தரவு என்று சட்டத்தில் இல்லாததை எல்லாம் டாக்டர்கள் கேட்கிறார்கள், கேட்கக் கூடாது என்றும் அதே தீர்ப்பில் இருக்கிறது.

சரி, இவ்வளவும் இருந்தும் ஏன் நடக்கவில்லை? டாக்டர்கள் எல்லாம் கெட்டவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அவர்களோடுதான் என் வேலைக்காலம் முழுக்கப் போனது. அவர்கள் பயப்படுகிறார்கள். சட்டத்துக்கு வெளியே கருக்கலைப்பு செய்தால் இன்றைக்கும் அது கிரிமினல் குற்றம். அன்று இந்திய தண்டனைச் சட்டத்தில் இருந்தது, 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் இருக்கிறது. இன்னொரு பக்கம், பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் 1994 சட்டம். அது வேறு விஷயம், ரொம்பத் தேவையான சட்டம். ஆனால் 12 வாரம் தாண்டிய கேஸ் என்றாலே, ஆணா பெண்ணா என்று பார்த்துக் கலைத்ததாகச் சந்தேகப்பட்டு அதிகாரிகள் வருவார்கள் என்று கதவைச் சாத்துகிறவர்கள் உண்டு. 18 வயதுக்குள் இருக்கும் பெண் என்றால், சிறார் மீதான பாலியல் குற்றங்களைத் தடுக்கும் போக்சோ சட்டப்படி போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாவிட்டால் டாக்டருக்குத் தண்டனை. 17 வயசுப் பெண்ணின் அம்மா போலீஸ் என்றதும் எழுந்து போய்விடுவாள், அப்புறம் எங்கே போவாள் என்று எனக்குத் தெரியும். அந்தப் பெண்ணும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால் அவள் பெயர், அடையாளத்தைச் சொல்லாமலே போலீசுக்குத் தகவல் கொடுக்கலாம் என்று அதே 2022 தீர்ப்பு வழி சொல்லியிருக்கிறது. நான் கேட்ட டாக்டர்களில் இது தெரிந்தவர் ஒருவர்தான்.

இப்படிப் பயத்தில் இருக்கிறவருக்குக் கணவர் கையெழுத்து ஒரு குடை மாதிரி. நாளைக்கு யாராவது சண்டைக்கு வந்தால் காட்டலாம். ஆனால் அந்தக் குடையைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியவள் பெண்ணா?

டாக்டர்களின் நடத்தைக்கு 2002-ல் வந்த ஒழுங்குமுறை விதிகளில் ஒன்று இருக்கிறது. மருத்துவக் காரணம் இருக்கும்போது, மதத்தை மட்டும் காரணம் காட்டிக் கருக்கலைப்புக்கு உதவ மறுக்கக் கூடாது. நல்ல விதி. ஆனால் எந்த டாக்டரும் "என் மதம் ஒப்புக்கொள்ளவில்லை" என்று சொல்லி மறுப்பதில்லை. "கையெழுத்து வேண்டும்", "இங்கே பண்றதில்லை", "குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்கு ஒத்துக்கொண்டால் பண்றோம்" என்றுதான் மறுக்கிறார்கள். கடைசியாகச் சொன்னதைக் கேட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பியவர்களும் எனக்குத் தெரியும்.

1971 சட்டம் டாக்டருக்கு எப்போது செய்யலாம் என்று சொல்கிறது, நல்லெண்ணத்தில் செய்தால் பாதுகாப்பும் தருகிறது. பெண்ணின் பெயரை வெளியிட்டால் ஓராண்டு வரை சிறை என்றும் சொல்கிறது. செய்ய மாட்டேன் என்கிற டாக்டர் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வார்த்தை இல்லை. அடுத்த முறை இந்தச் சட்டத்தைத் திருத்தும்போது இதைத்தான் சேர்க்க வேண்டும் என்கிறேன். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 2008-லேயே சேர்த்துவிட்டார்கள். மனசாட்சி ஒப்பவில்லை என்றால் டாக்டர் செய்ய வேண்டாம், ஆனால் அதைப் பெண்ணிடம் வெளிப்படையாகச் சொல்லி, செய்யக்கூடிய இன்னொருவரிடம் அனுப்பியே ஆக வேண்டும். உயிருக்கு ஆபத்து என்றால் மனசாட்சிக் காரணமும் செல்லாது.

அயர்லாந்து இதைக் கற்றுக்கொண்டது நம் வீட்டுப் பெண்ணின் உயிரைக் கொடுத்து. சவிதா ஹலப்பனவர், கர்நாடகத்துப் பெலகாவிக்காரர், பல் மருத்துவர், 31 வயது. 2012 அக்டோபரில் கால்வே நகர மருத்துவமனையில் 17 வாரக் கரு நிற்காது என்று தெரிந்த பிறகும், சிசுவின் இதயத்துடிப்பு இருக்கிறது என்று கலைக்க மறுத்தார்கள். ரத்தத்தில் கிருமி ஏறி 28-ந் தேதி இறந்துபோனார். அந்த டாக்டர்களுக்கும் சட்டத்தைப் பற்றிய பயம்தான். 2018-ல் மக்கள் வாக்களித்து அரசியல் சட்டத்தையே மாற்றினார்கள். அதே ஆண்டு வந்த புதிய சட்டத்தில், மறுக்கும் டாக்டர் அந்தப் பெண்ணை வேறொருவரின் பொறுப்பில் ஒப்படைக்க ஏற்பாடு செய்ய வேண்டும் என்று எழுதியிருக்கிறது.

கருக்கலைப்பே பாவம் என்று நம்புகிற டாக்டர், "எங்கே போகணும் என்று வழிகாட்டினால் அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கில்லையா?" என்று கேட்பார். இந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். என்னோடு வேலை பார்த்த ஒரு சிஸ்டர் இந்த கேஸ் வந்தால் தியேட்டருக்குள் வர மாட்டார். ஆனால் அந்தப் பெண்ணுக்கு டீ வாங்கிக் கொடுத்து, எந்த ஓ.பி., எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு என்று எழுதிக் கொடுத்து அனுப்புவார். அவர் நம்பிக்கை அவரிடமே இருந்தது. பெண்ணும் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குச் சேர்ந்தாள்.

நான் கேட்பது அந்தச் சீட்டைத்தான். மறுத்த டாக்டரின் பெயர், தேதி, அன்றைக்கு எத்தனை வாரம், மறுத்த காரணம், அடுத்து போக வேண்டிய இடம். அன்றைக்கே, கையெழுத்தோடு. "கணவர் கையெழுத்து இல்லை" என்று காரணத்தை எழுத்தில் எழுதச் சொன்னால் பாதிப்பேர் எழுத மாட்டார்கள், ஏனென்றால் அது சட்டத்தில் இல்லை என்று அப்போது தேடிப் பார்ப்பார்கள். தேதியும் வாரமும் சீட்டில் இருந்தால், தாமதத்தைப் பின்னால் பெண்ணின் தலையில் கட்ட முடியாது.

டாக்டர் நண்பர்கள் இதைப் படித்தால், உங்கள் ரிசப்ஷனில் உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம் நாளைக்கே அந்த சி படிவத்தைக் காட்டுங்கள். திருப்பி அனுப்புவது பெரும்பாலும் அவள்தான், உங்களுக்குத் தெரியாமலேயே.

அந்தப் பெண் நன்றாக இருக்கிறாள். நேற்று சின்னவனுக்குப் பிறந்தநாள், கேசரி கொடுத்தனுப்பினாள். குறிஞ்சிப்பாடி, வடலூர் பக்கம் யாருக்காவது மருத்துவமனைக்குத் துணைக்கு ஆள் வேண்டுமென்றால் இன்பாக்ஸில் சொல்லுங்கள். காலை பஸ்ஸுக்கு வந்துவிடுவேன்.