ஒரே போத்திலிருந்து ஒரு தோப்பு

எங்கள் கிணற்றடி முருங்கை, பக்கத்து வீட்டு மரத்தில் ஒடித்து வாங்கிய போத்து. அதே ருசி, அதே நீளக் காய். அதை வேறு மரம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. அந்த மரமே இங்கேயும் நிற்கிறது, அவ்வளவுதான்.

கரீபியன் கடலடியில் பாறை கட்டி வாழும் உயிரான எல்க்ஹார்ன் பவளமும் இப்படித்தான் பரவும். மான்கொம்பு மாதிரி அகன்ற கிளை புயலில் ஒடியும், தரையில் ஒட்டும், வளரும். பார்க்கப் பெரிய தோப்பு. மரபணுவைச் சோதித்தால் பல இடங்களில் ஒரே உயிர்!

இதில் என்ன கெட்டுப்போச்சு என்று கேட்கலாம். ஆகஸ்ட் பௌர்ணமி கழிந்த சில இரவுகளில் இந்தப் பவளம் முட்டையும் விந்தும் சேர்ந்த கடுகளவு உருண்டைகளை விடும். இளஞ்சிவப்பாக மிதந்து மேலே வந்து உடையும். ஆனால் தன் விந்து தன் முட்டையில் பெரும்பாலும் சேராது. பக்கத்தில் வேறொரு பரம்பரை இல்லையென்றால் அந்த இரவே வீண்.

1970களின் கடைசியில் தொடங்கிய வெண்பட்டை நோய் இவற்றை வாரிக்கொண்டு போனது. அமெரிக்காவின் பிளாரிடாவில் மிஞ்சியதைத் துண்டு துண்டாக வளர்த்து நட்டவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. பல மரபுவகைகளைத் தேடித்தான் நட்டார்கள். ஆனாலும் எல்லாம் அதே கடலில் மிஞ்சியவை. 2023 கோடை வெப்பத்தில் பிளாரிடா கீஸ் தீவுகளைச் சுற்றி நட்டது, தானாக வளர்ந்தது என்று பார்க்காமல் கிட்டத்தட்ட எல்லாமே செத்தன. படித்த அன்று எனக்கு வேலையே ஓடவில்லை.

2025 ஜூலையில் மத்திய அமெரிக்க நாடான ஹோண்டுராஸின் தேலா விரிகுடாப் பவளத்தையும் பிளாரிடாப் பவளத்தையும் இணைத்துப் பிறந்த குஞ்சுகளை மியாமி அருகே நட்டார்கள். தேலா தண்ணீர் இன்னும் சூடானது, கலங்கலானது. அதில் வாழ்ந்து பழகிய பரம்பரை அது. சரியான காரியம் என்பேன்.

வெளியூர்ப் பவளத்தோடு சேர்த்தால் உள்ளூர் வகை கலந்து கெட்டுவிடும் என்கிறார்கள் சிலர். இன்றைய பாறை கட்டும் பவளங்களின் வம்சம் சுமார் 24 கோடி ஆண்டு பழையது. டைனோசர்களை முடித்த பேரழிவையும் தாண்டி வந்தது. அதற்கு நாட்டு எல்லை ஏது? அதே கரீபியனில் எல்க்ஹார்னும் அதன் உறவான ஸ்டாக்ஹார்னும் தாங்களாகவே கலந்து ஒரு கலப்பினம் உண்டாகியிருக்கிறது. யாரும் சேர்த்துவைக்கவில்லை.

பிளாரிடா வகைகள் பல இப்போது கரையில் தொட்டிகளில் இருக்கின்றன. அவற்றைத் தனியாகவே பூட்டிவைப்பதா, தேலா பவளத்தோடு சேர்த்து வந்த குஞ்சுகளைக் கடலில் விடுவதா என்று கேட்டால், கடலில் விடுங்கள் என்றுதான் சொல்வேன்.