ஊத் ஆண்களுக்கு மட்டுமானது இல்லை

‘கருப்பு ஊத் வாசனை அதிகம் பேசாத, கம்பீரமான ஆண்களுக்குத்தான் பொருந்தும், பெண்கள் பூ வாசனையோடு நின்றுகொள்ளலாம்’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இது தவறு. ஊத் என்பது நம் அகில்தான்; அந்த மரக்கட்டையைப் புகைப்பார்கள், அதிலிருந்து எடுக்கும் எண்ணெயைப் பூசுவார்கள். நம்பி யாரும் ஒதுங்கிவிட வேண்டாம்.

வளைகுடா வீடுகளில் ஊத் எல்லோருக்கும் பொது. விருந்து முடிந்ததும் தூபக்கலம் கைமாறி வரும். ஆண்கள் தலைத்துணிக்குள் புகையை வாங்கிக்கொள்வார்கள். பெண்கள் கூந்தலை விரித்துக் காட்டுவார்கள். அப்புறம், சங்கப் பாடல்களில் அகில் புகை ஊட்டியது பெண்களின் கூந்தலுக்கு!

மேற்கே 2002இல் எவ் சான் லோரான் என்ற பிரெஞ்சு நிறுவனம் ‘எம்7’ என்ற ஊத் வாசனையை ஆண்களுக்கென்று கொண்டுவந்தது. ‘ஆண் வாசனை’ என்ற பேச்சுக்கு இப்படிப்பட்ட விற்பனைதான் காரணம் என்பது என் கருத்து.

கருப்பாக இருந்தால்தான் சுத்தமான ஊத் என்று நினைப்பதும் சரியில்லை. பூஞ்சை தாக்கிய அகில் மரத்தில் ஊறும் பிசினிலிருந்து வருவது ஊத் எண்ணெய். மரத்தூளை எத்தனை நாள் ஊறவைத்தார்கள், எப்படி வடித்தார்கள் என்பதைப் பொறுத்து நிறமும் மணமும் மாறும். அதிகம் ஊறியதில் முதலில் மாட்டுத்தொழுவ வாடைகூட அடிக்கும். பயப்படாதீர்கள். மணிக்கட்டில் ஒரு சொட்டு தொட்டு வைத்து ஒரு மணி நேரம் கழித்து முகர்ந்து பாருங்கள். தொழுவம் போய், பழைய மரப்பெட்டியும் தேனும் கலந்த மாதிரி ஒரு இதமான வாசனை நிற்கும். அது பிடித்தால் பூசுங்கள். கூச்ச சுபாவமா, கலகலப்பா என்று யாரும் பார்க்கத் தேவையில்லை.