67 எப்படி 62 ஆனது: ஒரு சிறு திருத்தம்

அமெரிக்காவில் உழைப்பாளர் பங்கேற்பு விகிதம், அதாவது வேலையில் இருப்பவரும் வேலை தேடுபவரும் சேர்ந்து மக்களில் எத்தனை சதவீதம் என்ற கணக்கு, 2000-இல் 67 சதவீதத்தைத் தாண்டியிருந்தது, 2024-இல் 62 சொச்சம்தான். ஆகவே அங்கே இந்தத் தலைமுறைக்கு வேலை செய்ய மனமில்லை என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். எண்கள் சரிதான், முடிவுதான் பொருந்தவில்லை.

இந்த விகிதத்துக்கு 16 வயது என்ற கீழ் வரம்பு உண்டு, மேல் வரம்பு கிடையாது. ஓய்வு பெற்று வீட்டில் இருக்கும் 80 வயதுத் தாத்தாவும் கணக்கில் வருகிறார். 1946 முதல் 1964 வரை அங்கே சுமார் 7.6 கோடிக் குழந்தைகள் பிறந்தார்கள். 2000-இல் அவர்களுக்கு 36 முதல் 54 வயது, நன்றாக உழைக்கும் பருவம். 2011-இலிருந்து அவர்கள் 65-ஐத் தொட ஆரம்பித்தார்கள். அந்த வயதுக்கு மேல் வேலையில் இருப்பவரும் தேடுபவரும் சேர்ந்தே ஐந்தில் ஒருவர் அளவுதான். இவ்வளவு பெரிய தலைமுறை ஓய்வுக்குப் போனால் மொத்த விகிதம் இறங்கத்தானே செய்யும்?

நீங்களே பார்க்கலாம். செயின்ட் லூயிஸ் ஃபெடரல் ரிசர்வ் வங்கியின் 'ஃப்ரெட்' (FRED) என்ற புள்ளிவிவரத் தளம் இலவசம். அதில் 25 முதல் 54 வயதினரின் பங்கேற்பு விகிதத்தைத் தனியாக எடுங்கள். 2008 நிதி நெருக்கடிக்குப் பின் அதுவும் சரிந்து, 2015-இல் 81-க்கு அருகில் வந்தது உண்மை. அப்புறம் ஏறி, 2024-இல் 84-ஐ ஒட்டி நின்றது. 2000-இலும் கிட்டத்தட்ட அதே 84தான்.